வெள்ளிக்கிழமை மேசையில் நாலு கிளாஸ்

சாவகச்சேரி,
வெள்ளி இரவு.

பெருமதிப்புக்கும் அதைவிடக் கூடிய அன்புக்கும் உரிய என் கிறிஸ்ரோபர் அண்ணைக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். ஊரே படுத்துவிட்டது. நாய்கள்கூடக் குரைத்துக் களைத்துவிட்டன. ஹன்னா இப்போதுதான் கண்ணயர்ந்தாள், அவள் அயராமல் எனக்குக் கை ஓடாது என்பது நீங்கள் அறிந்ததே. அண்ணையும் சீலா மச்சாளும் உங்கள் திருகோணமலைச் சபையார் யாவரும் ஆண்டவர் தயவால் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மச்சாளின் முழங்கால் நோ எப்படி? இங்கே நாங்கள் மூவரும் சுகம். வழக்கமாக எல்லாரும் எழுதுகிற சுகம் அல்ல இது, மெய்யான சுகம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை வட்ஸ்அப்பில் குரலாக அனுப்பியிருக்கலாம். ஆனால் போன கிழமை நான் அழுது அனுப்பிய குரலை மச்சாள் குசினியில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டதால், உங்கள் மாதர் ஐக்கியம் முழுவதும் எனக்காக உபவாச ஜெபத்தில் இருந்ததாக அறிந்தேன். முன்பின் தெரியாத ஒரு அம்மா என்னைத் தொலைபேசியில் அழைத்து, தன் மனுசனையும் இப்படித்தான் மீட்டெடுத்ததாகச் சொல்லி ஒரு கசாயமும் சொல்லித் தந்தார். ஆகவே தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். தயவுசெய்து தனியே இருந்து வாசியுங்கள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். நாளை மத்தியானம் சபை வானை வெளிக்கிடுத்த வேண்டாம். எங்கள் சபை ஐயாவிடம் நேரம் கேட்டு வாங்கி, மதுவைப் பற்றித் தயாரித்த அந்தப் பிரசங்கத்தை வேறு எந்தச் சபைக்காவது வைத்துக்கொள்ளுங்கள். இளைஞர் குழுவின் நாடகத்தை எந்தக் காரணம் கொண்டும் கொண்டுவர வேண்டாம். குடிகார அப்பாவாக நடிக்கும் தம்பிக்கு ஒரு கழுத்துப்பட்டி வேண்டும், ‘ஒரிஜினலாக’ இருந்தால் மனசைத் தொடும் என்று நீங்கள் கேட்டபோது, ஜெனுஷனின் நீல ரையை நான் பார்சலில் அனுப்பிவைத்தேன் அல்லவா, அதை மட்டும் உடனே திருப்பி அனுப்புங்கள். அவர் திங்கள் தொடக்கம் அதைத் தேடுகிறார். நானும் அவரோடு சேர்ந்து கட்டிலுக்குக் கீழே குனிந்து குனிந்து தேடுகிறேன். பசியால் வாடும் குழந்தையாக ஹன்னாவை மேடையேற்றலாம் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். அவளுடைய கன்னத்தைப் பார்த்தால் சபை சிரிக்கும்.

என்ரை மனுசன் ஜெனுஷன் குடிகாரன் அல்ல, அண்ணை. ஆனால் நான் உங்களிடம் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. இரண்டும் ஒன்றாக எப்படி இருக்கலாம் என்று கேட்பீர்கள். ஆறுதலாக வாசியுங்கள்.

இவருக்கு இந்தச் சாவகச்சேரிக் கிளைக்கு மாற்றம் கிடைத்தபோது நாங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்பது உங்களுக்குத் தெரியும். குத்தகைக் கம்பனி வேலைதான் என்றாலும், கிளை முகாமையாளர் தம்பிராசா சேர் தங்கமான மனிதர், பிள்ளைகுட்டி உள்ளவர்களை வேளைக்கு வீட்டுக்கு அனுப்புவார் என்றெல்லாம் சொன்னார்கள். சொன்னது சரிதான், வெள்ளிக்கிழமை தவிர. வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் சேரும், கோகுலனும், றஞ்சித்தும், எங்கடை இவருமாக நாலு பேர், A9 வீதியில் கொடிகாமப் பக்கமாகப் புதிதாகத் திறந்திருக்கிற ஹோட்டலுக்குப் போவது வழக்கமாயிற்று. எங்கள் ஒழுங்கையால் நடந்து போகிற தூரம். அந்த ஹோட்டலின் முன்பக்கம் குடும்பங்கள் ஐஸ்கிறீம் குடிக்கிற தோட்டம், பின்பக்கம் பார். நடுவில் ஒரு குரோட்டன் வேலி. முன்பக்கத்தில் ஞானஸ்நான விருந்து வைத்தால் பின்பக்கத்துப் பாட்டுக்குக் குழந்தை காலாட்டும், அப்படியான இடைவெளி.

முதல் வெள்ளி வரும்போதே அவரிடம் கராம்பு மணந்தது. அண்ணை, கராம்பு சப்பிக்கொண்டு வீட்டுக்கு வருகிற ஆம்பிளை எதை மறைக்கிறான் என்று இந்தக் குடாநாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அதோடு சிரிப்பு. இவர் வீட்டில் சிரிப்பது நீங்கள் கண்டதுண்டா? கலியாணப் படத்திலேயே கணக்காய்வுக்கு வந்தவர் போலத்தான் நிற்கிறார். அன்றைக்கு வந்து, றஞ்சித் சொன்ன பகிடி என்று ஒரு கோழிக் கதை சொல்லி, முடிவைத் தானே மறந்து, அதற்கும் சிரித்தார். பிறகு நித்திரை இல்லை. கட்டிலில் புரண்டார், எழும்பினார், முற்றத்தில் நடந்தார், அடிக்கடி ஒன்றுக்குப் போனார். வர வர வயிறும் வைத்தது, பெல்ற்றில் புதிதாக ஓட்டை போட்டார். கராம்பு, சிரிப்பு, நித்திரையின்மை, வயிறு. நீங்களே சொல்லுங்கள், நான் வேறு என்னத்தை நினைக்கிறது?

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்ததுதான் எனக்கு வந்த பெரிய கேடு. படியாதவளாக இருந்தால் ஒரு நாள் சண்டை பிடித்து முடித்திருப்பேன். எனக்கு விரிவுரைக் குறிப்புகள் ஞாபகம் வந்தன. மனிதன் தாகத்துக்குக் குடிப்பதில்லை, மேசைக்குக் குடிக்கிறான். பக்கத்தில் இருக்கிறவன் கிளாசைத் தூக்கினால் இவன் கை தானாகத் தூக்கும். அவன் கெதியாகக் குடித்தால் இவனும் கெதியாகக் குடிப்பான். கூட்டம் கூடினால் நேரம் கூடும், பாட்டுச் சத்தம் கூடினால் மிடறு கூடும். ஹன்னாவைத் தூங்கவைத்துவிட்டுப் போனில் இன்னும் தேடி வாசித்தேன். ஒவ்வொரு ஆராய்ச்சியும் எங்கள் வீட்டு ஜன்னலால் எட்டிப் பார்த்து எழுதியது போலவே இருந்தது. குற்றவாளி இவர் அல்ல, அந்த மேசை என்று எனக்கு விளங்கியது. அதிலும் றஞ்சித். தொண்டைமானாற்றுப் பிள்ளை, கலியாணம் கட்டாதவர், மீசை பெரிது. மேசையின் வேகத்தைத் தீர்மானிப்பது உவர்தான் என்று மீசையை வைத்தே முடிவுகட்டினேன்.

நோய் தெரிந்தால் மருந்து செய்ய வேண்டாமா? நிரம்பிய வயிற்றில் குடி இறங்காது என்று, வெள்ளிக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் புட்டும் கணவாய்க் கறியும் இரண்டாள் அளவுக்குக் கட்டிக் கொடுத்தேன். வயிறு இன்னும் வைத்தது. பிறகு, கதை நடுவில் குழம்பினால் மிடறு குறையும் என்று, அவர் அங்கே இருக்கும்போது இடைக்கிடை போன் எடுத்து ஹன்னாவைக் கதைக்க வைத்தேன். அதுவும் கேடாய் முடிந்தது. தம்பிராசா சேரின் குரல் எனக்கு வடிவாகக் கேட்டது, பிள்ளை தேடுது, கெதியா அதை முடிச்சுப்போட்டு வெளிக்கிடும் என்று சொல்கிறார். நாலு பேரும் ஒரே மூச்சில் முடித்துக் கிளாசை மேசையில் வைக்கிற சத்தமும் கேட்டது. என் பிள்ளையின் மழலையாலேயே அவர்களைக் கெதியாகக் குடிக்க வைத்துவிட்டேனே என்று அன்றைக்குத்தான் குசினிக்குள் இருந்து அழுது உங்களுக்கு அந்தக் குரலை அனுப்பினேன். என்னையும் பிள்ளையையும் கொஞ்ச நாளைக்குத் திருகோணமலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொன்னது அப்போதுதான். இதொன்றும் ஜெனுஷனுக்குத் தெரியாது. தெரிந்தால் அந்த மனிதர் சண்டை பிடிக்கமாட்டார், பேசாமல் முகத்தைத் தொங்கப்போடுவார். அதை என்னால் தாங்க முடியாது.

இனி இன்றைக்கு நடந்ததைக் கேளுங்கள். பின்னேரம் கோகுலனின் மனுசி தக்சாயினி படலையைத் திறந்துகொண்டு வந்தாள். கணித ரீச்சர், சைவக்காரர், சுற்றி வளைத்துப் பேசமாட்டாள். வந்தவள் இருக்கக்கூட இல்லை.

“நான் ஒண்டு கேட்டால் குறை நினைக்கக்கூடாது. எங்கடை மனுசன் வெள்ளிக்கிழமையிலை முட்டை அவிச்ச சட்டியிலை சுடுதண்ணி வைச்சாலே தொடாதவர். உங்கடை இவர் மாறி வந்தாப் பிறகுதான் கராம்பு மணக்குது” என்றாள்.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். எங்கள் பரம்பரையில் துளி தொட்டவர் கிடையாது, எங்கடை இவரைப் பழுதாக்கியதே உங்கடை கூட்டம் என்று நான் சொல்ல, வேதக்காரருக்குக் கோயிலிலேயே வைன் கொடுக்கிறார்களாமே என்று அவள் சொல்ல, அது முந்திரிகைச் சாறு என்று நான் படலைக்கும் கேட்கச் சத்தம் போட, ஹன்னா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று கைதட்டினாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருக்கும் மூச்சு முட்டியது. யாருடைய மனுசன் யாரைக் கெடுத்தார் என்பதைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்போம் என்று முடிவாயிற்று. வெளியில் சொல்வதற்கு, பிள்ளைக்கு ஐஸ்கிறீம் வாங்கப் போகிறோம்.

குரோட்டன் வேலிக்குப் பக்கத்து மேசையாகப் பார்த்து இருந்தோம். நான் இலையை விலக்கிப் பார்த்தேன். அங்கே நாலு பேரும் இருக்கிறார்கள், ஒவ்வொருவர் முன்னாலும் பனிக்கட்டி மிதக்கிற பொன்னிறக் கிளாஸ். நடுவில் ஒரு பெரிய தட்டில் பொரித்த கணவாய். றஞ்சித் கிளாசைத் தூக்கினார். உடனே கோகுலன் தூக்கினார். அதைக் கண்டு சேர் தூக்கினார். கடைசியில் என்ரை மனுசனும் தூக்கினார். பாட்டு உரத்துப் போட்டார்கள், நாலு பேரும் உரத்துக் கதைத்து இன்னும் ஒரு மிடறு குடித்தார்கள். அண்ணை, நெஞ்சு வெடிக்கிற நேரத்திலும் எனக்கு ஒரு பக்கத்தால் பெருமையாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? பாருங்கோ, இதைத்தான் எங்களுக்குப் படிப்பிச்சவை என்று தக்சாயினிக்கு மெல்ல விளங்கப்படுத்தினேன். படிப்பிச்சதிலை மருந்தும் சொன்னவையோ என்று அவள் கேட்டாள். அதற்குள் விரிவுரை முடிந்துவிட்டதென்று சொன்னேன்.

நான் விளங்கப்படுத்திக்கொண்டிருந்த அந்த நேரத்துக்குள் ஹன்னாவின் கதிரை வெறுமையாகிவிட்டது.

வேலிக்குக் கீழே குனிந்து போய்விட்டாள். அப்பாவைக் கண்டுவிட்டாளாக்கும். நான் சுற்றி ஓடி அந்தப் பக்கம் போவதற்கிடையில், என் இரண்டரை வயதுப் பிள்ளை தம்பிராசா சேரின் மடியில் ஏறி இருந்து, இரண்டு கையாலும் அவருடைய கிளாசைப் பிடித்து அரைவாசியை இறக்கிவிட்டாள். சேர் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு சிரித்தபடி இருக்கிறார். நான் என்ன சத்தம் போட்டேன் என்று எனக்குத் தெரியாது. பாட்டை நிற்பாட்டினார்கள் என்பது மட்டும் தெரியும். பாய்ந்து போய்க் கிளாசைப் பறித்தேன். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், டொக்ரர் என்ன குடித்தது என்று கேட்பார், சொல்லத் தெரிய வேண்டும் என்று புத்தி ஓடியது. மணந்து பார்த்தேன். மணம் பிடிபடவில்லை. வாயில் வைத்தேன். நான் பிறந்ததிலிருந்து மதுவை நாக்கில் வைத்தவள் அல்ல, ஆனால் பிளேன்ரீ எது என்று எனக்குத் தெரியும்.

“பயப்பிடாதையும் பிள்ளை, அது தேத்தண்ணி” என்றார் சேர், மற்ற மூன்று பேரையும் பாராமல், மேசைக்குக் கீழே சொல்வது போல.

எனக்குப் பயம் தெளியவில்லை. ஹன்னாவின் கை நனைந்திருந்தது, அடுத்த கிளாசுக்குள்ளும் கை விட்டிருப்பாளோ என்று கோகுலனின் கிளாசை எடுத்துக் குடித்துப் பார்த்தேன். அதுவும் பிளேன்ரீ, சீனி இல்லாதது. நான் அதைச் சொன்னதும் எனக்குப் பின்னால் ஓடி வந்து நின்ற தக்சாயினி, சீனி இல்லாமல் குடிக்கத் தெரிந்தவர் வீட்டில் ஏன் மூன்று கரண்டி கேட்கிறார் என்று மனுசனை விசாரிக்கத் தொடங்கினாள். நான் றஞ்சித்தின் கிளாசை எடுத்தேன். மேசையின் வேகத்தைத் தீர்மானிக்கிற கிளாஸ். அது நெல்லிரசம், அண்ணை. சோடா விட்ட நெல்லிரசம். அந்த மீசையை நான் எவ்வளவு தப்பாகக் கணக்குப் போட்டேன். குடிக்கிறேல்லை எண்டு சன்னிதி முருகனுக்கு ஒரு நேர்த்திக்கடன் இருக்கு, அக்கா, என்று அந்தப் பிள்ளை எழுந்து நின்று சொன்னது, வகுப்பில் பிடிபட்ட மாதிரி.

மிஞ்சியது இவருடையது. அதை எடுக்கக் கை வரவில்லை. மற்ற மூன்றிலும் என்ன இருந்தாலும் எனக்கென்ன, அண்ணை. உலகத்தில் எனக்கு வேண்டியது அந்த ஒரு கிளாஸ்தான். அதற்குள் மட்டும் மெய்யானது இருந்தால், மூன்று நல்ல மனிதருக்கு நடுவில் கெட்டது என்ரை மனுசன் ஒருவர்தான் என்று ஆகிவிடும். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஏன் வந்தேன், இவ்வளவு நாளும் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன், எல்லாம் அவருக்கு அந்தப் பார்வையில் விளங்கிவிட்டது.

“குடிச்சுப் பார், நிரோ” என்றார்.

இஞ்சி போட்ட பிளேன்ரீ. எங்கள் வீட்டில் நான் போடுகிற பக்குவம். அப்படியே ஊற்றச் சொல்லி அங்கே பழக்கியிருக்கிறார். நான் மிச்சத்தை வைக்காமல் முழுவதும் குடித்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன்.

பரிமாறுகிற மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார், தோள் மட்டும் குலுங்கியது. ஒவ்வொருவரும் தனித்தனியே காதுக்குள் சொல்லிவைத்தபடி, நாலு பேருக்கும் நாலு விதமாக ஒளித்து ஊற்றி ஊற்றி அவர் என்ன பாடுபட்டிருப்பார். பிறகு தம்பிராசா சேர் ஜெனுஷனைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

“அப்ப நீர் குடிக்கிறேல்லையோ?”

“இல்லை சேர். நீங்கள்?”

“நான் வெள்ளிக்கிழமையிலை வெங்காயமே யோசிச்சுத்தான் சாப்பிடுறனான். உங்கடை ஆக்களுக்குக் கோயிலிலையே பழக்கம் எண்டு கேள்வி. புதுசா வந்த பிள்ளையின்ரை மனம் நோகக்கூடாது எண்டுதான் உதிலை வந்து இருந்தனான்.”

“நான் இல்லையெண்டால், வேதக்காரன் வந்து எங்களுக்குப் புத்தி சொல்லுறான் எண்டு நினைப்பியள் எண்டு பயந்தன், சேர்.”

கோகுலன், மற்ற எல்லாரும் குடிக்கிறார்களே என்றுதான் தானும் இருந்தாராம். றஞ்சித், வயதிலும் பதவியிலும் கூடியவர்கள் எல்லாரும் குடிக்கும்போது கலியாணம் கட்டாத தான் குடிக்காவிட்டால் பம்மாத்து என்பார்கள் என்று, ஒருவரும் சந்தேகப்படக்கூடாதென்று கிளாசை முதலில் தூக்குவாராம். முதல் நாள் எல்லாரும் சாப்பிடத்தான் போனார்களாம். மேசைக்கு வந்த அட்டையில் குடிவகைப் பக்கம் திறந்திருந்ததாம், வேண்டாம் என்று யார் முதலில் சொல்வது என்று நாலு பேரும் ஆளுக்காள் முகம் பார்த்தார்களாம், அவ்வளவுதான். கராம்பு எதற்கு என்று தக்சாயினி கேட்டாள். குடித்துவிட்டுப் போகிறவர்கள் எல்லாரும் சப்புகிறார்கள், நாங்கள் சப்பாமல் போனால் மற்றவர்கள் கண்டுபிடித்துவிடுவார்களே என்றார் கோகுலன். வயிற்றுக்கும் காரணம் வெளிவந்தது. வெள்ளிக்கிழமை மரக்கறி என்பதால் சைவக்காரர் மூன்று பேரும் கணவாயைத் தொடுவதில்லை. அதை வெளியில் சொன்னால் ‘வெள்ளிக்கிழமையில் மீன் மச்சம் தொடாதவர் குடி மட்டும் தொடுவாரோ’ என்று கேள்வி வரும் என்று, தட்டை ஒவ்வொரு தரமும் இவர் பக்கமே தள்ளியிருக்கிறார்கள். புதியவருக்குத் தருகிற மரியாதையாக்கும் என்று இவர் தனியே தின்று முடித்திருக்கிறார், அதுவும் மத்தியானம் நான் கட்டிக் கொடுத்த கணவாயின் மேல். நித்திரை வராததற்கு நான் ஒரு ஆராய்ச்சியும் தேடத் தேவையில்லை. பொழுதுபட்ட பிறகு கிளாஸ் கிளாசாகத் தேத்தண்ணி குடித்தால் யாருக்கு நித்திரை வரும், யார்தான் அடிக்கடி ஒன்றுக்குப் போகமாட்டார்கள்?

முதலில் சிரித்தது சேர்தான். பிறகு எல்லாரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் தங்கள் கிளாசுகளைத் தூக்கி மணந்து பார்த்தார்கள். தக்சாயினி என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணால் தண்ணி ஓடியது, எது சிரிப்பு எது அழுகை என்று எனக்கும் பிரிக்கத் தெரியவில்லை. ஹன்னா சேரின் மடியை விட்டு இறங்கமாட்டேன் என்று மிச்சத் தேத்தண்ணியையும் கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதலில் வெளிக்கிட்டோம், ஆம்பிளைகள் கொஞ்சம் இருந்து ஆறி வரட்டும் என்று. ஒழுங்கை நெடுகச் சிரித்துக்கொண்டே நடந்தோம். எதிரே சைக்கிளில் வந்தவர் எங்களைப் பார்த்த பார்வையில், பாருக்குள் போய் வந்தது இந்தப் பொம்பிளைகள்தான் என்று நாளைக்கு ஊரில் கதை வரும். வரட்டும்.

ஆகவே அண்ணை, உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் அதற்கு இங்கே ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைக்கு முன்னால் குடிகார அப்பா என்று ஒரு தம்பி நீல ரையோடு தள்ளாடி வந்தால், முன்வாங்கில் இருக்கிற ஜெனுஷன் தன்னுடைய ரையைக் கண்டுகொள்வார். மனுசனை நம்பாத மனுசி என்று என்னையும் கண்டுகொள்வார். இன்றைக்கு அந்தக் கிளாசை நீட்டும்போது ஒரு சொல் குறை சொல்லாத மனிதர் அவர். அவரைச் சபை நடுவில் குனிய வைக்காதீர்கள். வானை நிற்பாட்டுங்கள்.

ஆண்டவர் உங்களையும் மச்சாளையும் உங்கள் ஊழியத்தையும் காத்து, இந்த அவசரக்காரத் தங்கச்சியின் புத்தியையும் கொஞ்சம் திருத்துவாராக. மச்சாளுக்கு என் அன்பு. எனக்காக உபவாசம் இருந்த அம்மாக்களுக்கு நன்றி சொல்லி, எல்லாரும் வடிவாகச் சாப்பிடலாம் என்று அறிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கச்சி,
நிரோஜினி

பி.கு.: மேலே கையெழுத்து வைத்துப் படம் பிடிக்கப் போன நேரம் இவர் தண்ணி குடிக்க எழும்பி வந்து, வெளிச்சத்தைக் கண்டு, என் தோளுக்கு மேலால் முழுவதையும் வாசித்துவிட்டார். ரை, நாடகம், வான், எல்லாம். நான் செத்தேன் என்று இருந்தேன். அந்த நாடகத்தில் தன்னுடைய பாத்திரத்துக்கு வசனம் இருக்கிறதோ என்று மட்டும் கேட்டார். பிறகு பக்கத்தில் இருந்து, ‘நீ ஒண்டை எழுதேல்லை’ என்றார்.

நாங்கள் வெளிக்கிட்ட பிறகு அந்த மேசையில் செத்த வீடு மாதிரி அமைதியாம். ஒளிக்க ஒன்றும் இல்லாததால் கதைக்கவும் ஒன்றும் இல்லையாம். அப்போது தம்பிராசா சேர், இவ்வளவு நாளும் பாரிலை இருந்து தேத்தண்ணி குடிச்சனாங்கள் எண்டு வெளியிலை தெரிஞ்சால் மானம் போகும், ஒருக்காலாவது மெய்யாக் குடிச்ச மாதிரி இருக்கட்டும் என்று சொன்னாராம். சொன்னவருக்கு விருப்பமில்லை, மற்றவர்கள் வேண்டாம் என்பார்கள் என்று நினைத்துத்தான் சொன்னாராம், அது பிறகு வரும் வழியில் இவருக்கு மட்டும் தெரிந்ததாம். மற்ற மூன்று பேரும், சேருக்கு ஆசையாக்கும் என்று ஓம் என்றார்களாம். றஞ்சித், பொழுதுபட்டால் நேர்த்திக் கணக்கில் வராது என்று தானே ஒரு சட்டம் போட்டாராம். ஒரு போத்தல் பியரை நாலாகப் பங்கிட்டு, வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு குடித்துவிட்டு, ஆளுக்காள் ‘நல்லாயிருக்கு’ என்று சொன்னார்களாம். நல்லாயிருக்கு என்று எல்லாரும் சொன்னதால் வருகிற வெள்ளியும் அதுவே என்று முடிவாம். அண்ணை, குடிப்பதாக நான் அழுத நாளெல்லாம் குடிக்காத மனுசன், குடிக்கவில்லை என்று நான் கண்டு சந்தோஷப்பட்ட அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதன்முதலாகக் குடித்திருக்கிறார்.

எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது, அவரும் சிரித்தார். ஆனாலும் வருகிற வெள்ளிக்குள் இதை நிற்பாட்ட வேண்டும். எனவே மேலே எழுதியதை மறந்துவிட்டு நீங்கள் வாருங்கள். வான் வேண்டாம், நாடகம் வேண்டாம், பிரசங்கம் வேண்டாம். பஸ்ஸில் தனியே, வெள்ளிக்கிழமைக்கு வாருங்கள். கலியாண வீட்டில் இரண்டாம் தரம் வடை வைக்க வந்தாலே சபை கேட்க ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லுகிற ஆள் எங்கள் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான். அந்த மேசையில் போய் இருந்து, பரிமாறுகிறவர் வந்ததும் எல்லாருக்கும் கேட்க ஒரு பிளேன்ரீ கேளுங்கள். மற்ற நாலு பேரும் உங்களுக்குப் பின்னால் கேட்பார்கள், அவ்வளவு நல்ல மனிதர்கள். அவர்கள் வாய் திறக்க முதல் கேட்டுவிடுங்கள். பிந்தினால் உங்களுக்கு என்ன நடக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

வருவியளோ இல்லையோ எண்டு கெதியா ஒரு பதில் போடுங்கோ, அண்ணை.